வீரபாகுவின் முகத்துக்கு அரிதாரம் வேண்டாம், மாமா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

வாலாஜாபாத்தில் வாழும் என் மரியாதைக்குரிய மாமா திரு. ராமராஜன் அவர்களுக்கும், என்னைத் தூக்கி வளர்த்த அக்கா தில்லையம்மாளுக்கும், உங்கள் மைத்துனன் திருஞானசம்பந்தம் கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், மஹாலட்சுமி, பிள்ளைகள் தீபிகா, சிவபாலன், வீட்டிலுள்ள இரண்டு தறிகள் எல்லோரும் முருகன் அருளால் சுகம். அங்கு உங்கள் முழங்காலும் அக்காவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அது சிவபாலனின் முகம். இந்தக் கடிதம் அந்த முகத்தைப் பற்றியதுதான்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே யோசிப்பீர்கள். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே "சரி, வச்சிடு" என்று சொல்லிவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் அக்கா முதலில் பார்ப்பாள், அப்புறம் நம் குடும்பக் குழு முழுக்கப் பார்க்கும், ஐயம்பேட்டை சித்தப்பா வீட்டில் காலை வணக்கம் ரோஜாப்பூவுக்குக் கீழே என் வீட்டு விஷயம் கிடக்கும். கடிதம் என்றால் கோபத்தில் கசக்கிப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் நீங்களே எடுத்துப் பிரித்து மீதியைப் படிப்பீர்கள். தீபிகாவின் காதுகுத்தில் காபி தாமதமாக வந்தது என்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவர், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து இரண்டு காபி வாங்கிக் குடித்ததை நாங்கள் மறக்கவில்லை. உங்கள் கோபத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் சூரசம்ஹாரத்துக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். உங்கள் அரிதாரப் பெட்டி வரக் கூடாது. இந்த இடத்தில் கசக்கிவிடாதீர்கள் மாமா, காரணம் இனிமேல்தான் வருகிறது.

நம் தெரு முருகன் கோயிலில் நவவீரர் வேடம் வீடு மாற்றி வீடு வருவதும், ஒன்பது பேரும் ஆறு நாள் விரதம் இருந்து சூரனைச் சந்திக்கச் சாமிக்கு முன்னால் வாள் பிடித்துப் போவதும், அந்த ஒன்பது முகத்துக்கும் வருஷா வருஷம் நீங்கள்தான் வாலாஜாபாத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து வண்ணம் பூசி மீசை வரைவதும் தெருவுக்கே தெரிந்த கதை. தறியில் உட்கார்ந்து தூங்கி வழிகிற பையன்கூட உங்கள் கை பட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்திருப்பான். இந்த வருஷம் முதல் வீரன் வீரபாகு வேடமே நம் வீட்டுக்கு வந்தது. அதோடு, சம்ஹாரத்துக்கு மறுநாள் திருக்கல்யாணத்தில் தெய்வானைக்குச் சாத்துகிற புடவையையும் நம் தறியில் நெய்யச் சொன்னார்கள். அதற்காக எனக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டப் போகிறார்கள். ஒரே திருவிழாவில் பிள்ளை கையில் வாள், அப்பன் தலையில் பரிவட்டம். செய்தி கேட்ட நாளிலிருந்து நான் தரையில் கால் வைத்து நடக்கவில்லை என்று மஹாலட்சுமி ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது நீங்கள் ஆசையாகச் சிவபாலனுக்கு ஒத்திகை வேடம் போட்டுப் பார்த்தீர்கள். வீரபாகு என்றால் தோள் வேண்டாமா என்று அந்தப் பெரிய டின்னையும் கொடுத்தீர்கள். பாலில் கலக்கிக் குடிக்கிற புரோட்டீன் பவுடர், டின் மேல் சட்டை போடாத ஒருத்தன் யாரையோ அடிக்கக் கிளம்பினவன் மாதிரி நிற்பானே, அதேதான். இரண்டையும் நீங்கள் அன்பால்தான் செய்தீர்கள். அந்த அன்பை உங்கள் மருமகன் ஒரு சொட்டுகூட வீணாக்கவில்லை. வேடம் அவ்வளவு நன்றாக இருந்ததால் அதைக் கழுவ மனம் வராமல், காலேஜ் சிநேகிதர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பிக்கொண்டே அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான். தலையணை உறையில் வீரபாகுவின் ஒரு பக்கத்து மீசை இன்றைக்கும் இருக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. உங்கள் சரக்கு கெட்டிச் சாயம், அதில் சந்தேகமே கிடையாது. பவுடரையும் காலையில் ஒரு டம்ளர், ஜிம்முக்குப் போய் வந்து ஒரு டம்ளர் என்று விடாமல் குடித்தான்.

ஆவணி பிறந்ததும் நெற்றியில் ஒன்று வந்தது. நாங்கள் அதைக் கொசுக்கடி என்று நினைத்தோம். பிறகு அது தன் சொந்தபந்தங்களை அழைத்துக்கொண்டது. நெற்றி, கன்னம், தாடை, போதாததற்கு முதுகிலும் தோளிலும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். உடனே எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியர் பிறந்தார். மஹாலட்சுமிக்கு அது உடம்புச் சூடு. "ராத்திரி முழுக்க போன் பாத்துக்கினு படுத்திருந்தா வேற இன்னா ஆவும்?" என்று சொல்லி, சூட்டைத் தணிக்கத் தினமும் படுக்கப் போகுமுன் அவன் தலையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். எண்ணெய் தலையோடு நின்றதா என்றால் இல்லை, நெற்றி வழியாக இறங்கிப் புருவத்தில் தங்கி இளைப்பாறி, மெதுவாகக் கன்னத்துக்கு வந்தது. போகிற வழியெல்லாம் புதுப் பரு முளைத்தது. அதைப் பார்த்து அவள், பாரு எவ்வளவு சூடு வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பட்டு நூலோடு இத்தனை வருஷம் புழங்கியவனுக்கு ஒரு அறிவு வந்துவிடுகிறது, அது வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது. கச்சாப் பட்டில் ஒரு பசை இருக்கும், அது இருக்கிறவரை நூல் மங்கலாக, முரடாகக் கிடக்கும், சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அலசிப் பசையை எடுத்தால்தான் பளபளப்பு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சிவபாலன் முகத்தைப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை, மங்கல், முரடு. எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது, பையனைச் சரியாகப் பசை எடுக்கவில்லை. நேரே சாயப்பட்டறைக்குப் போய், நூலுக்குப் போடுகிற சோப்பில் ஒரு துண்டும் ஒரு பிடி சோடாவும் கேட்டு வாங்கி வந்தேன். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், பெற்ற பிள்ளையாயிற்றே என்று வெதுவெதுப்பில் கரைத்து, காலை, மதியம், காலேஜ் விட்டு வந்ததும், படுக்கப் போகும்போது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்தேன். இரண்டு நாள் முகம் தறியில் இழுத்துக் கட்டின பாவு நூல் மாதிரி விறைப்பாக இருந்தது. பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் முகம் அரக்குச் சிவப்பாகித் தோல் உரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த எண்ணெய் முன்பு வந்ததைவிட அதிகம். மஹாலட்சுமி சோப்புத் துண்டை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான்.

தீபிகா படித்த பெண், ஆகவே அவள் வைத்தியம் போனிலிருந்து வந்தது. எலுமிச்சைச் சாறும் பல் விளக்குகிற பேஸ்ட்டும். உரிந்த தோல் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை, சிவபாலன் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும், காற்று அன்றைக்கு வாலாஜாபாத் பக்கம்தான் அடித்தது. மறுநாள் காலையில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பால் வாங்க வந்தவனைப் பார்த்து, ஒத்திகை அதற்குள் தொடங்கிவிட்டதா என்று பால்காரர் கேட்டுவிட்டார். அதிலிருந்து அவன் பால் வாங்கப் போவதை விட்டான்.

பக்கத்து வீட்டு அன்னம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியும், அழைக்காமலே வந்து உதவுகிற புண்ணியவதி. வீரபாகு வேடம் கிடைத்ததால் ஊர்க் கண்ணெல்லாம் பையன் முகத்தில் விழுந்திருக்கிறது என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அதோடு போயிருந்தால் நான் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். போகும்போது கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, இடது கன்னத்தில் பழுத்திருந்த ஒன்றை, "இத்த அமுக்கி எட்த்துட்டா போயிடும்பா, கம்முனு இரு" என்று அமுக்கிவிட்டார். போகவில்லை மாமா. உள்ளே போய் வீங்கிற்று. குண்டுமணி அளவில் இருந்தது மறுநாள் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அதைப் பார்த்து அன்னம்மாள் அக்கா, கண்ணு எவ்வளவு பலமானது என்பதற்கு இதுவே சாட்சி என்றார்.

கடைசியாக நான் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடை எது என்று கேட்காதீர்கள், எனக்கு யாரோடும் சண்டை வேண்டாம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, பையனை அழைத்து வரச் சொல்லவில்லை, நான் "மூஞ்சில பரு" என்று சொல்லி முடிக்குமுன் ஒரு டியூப் என் கைக்கு வந்துவிட்டது. தடவிய முதல் வாரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. வீக்கம் அடங்கியது, சிவப்பு போயிற்று, முகம் கண்ணாடிபோல மின்னியது. மஹாலட்சுமி பாயசம் வைத்தாள். நான் இன்னும் இரண்டு டியூப் வாங்கி வைத்தேன். அவனை வாசலில் நிற்க வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து வந்தான். போன பருக்கள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன, வெறுங்கையோடு வரவில்லை.

மாமா, இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனாத்தூர் காலேஜுக்கு ஷேர் ஆட்டோவில் போகிற பிள்ளை, மூக்கு வாயெல்லாம் மாஸ்க் கட்டி அதற்கு மேல் கைக்குட்டையும் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான். பெண் பிள்ளைகள் இருக்கிற ஆட்டோ என்றால் அடுத்ததற்குக் காத்து நின்றான். வீட்டுக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான். ஒரு நாள் நான் தெய்வானையின் புடவைக்குக் கரை நெய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, வீரபாகு எனக்கு வேணாம்பா. எதிர்வீட்டு கமலுக்கே குடுத்துடு. அவன் மூஞ்சி நல்லா இருக்குது" என்றான். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தண்ணீர் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். அதற்கு மேல் என்னால் தறியில் உட்கார முடியவில்லை. வேடம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்ற கவலையில் இத்தனை நாள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்துக்குள் இருந்த பிள்ளையைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மாலையே அவனைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். போனோம் என்றால் குடும்பம் முழுக்க, அன்னம்மாள் அக்காவையும் சேர்த்து, ஆட்டோ நிறைய.

டாக்டர் பெயர் தேவிப்ரியா. சின்ன வயசுதான், தீபிகாவுக்கு அக்கா மாதிரி இருந்தார். இதுவரைக்கும் முகத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். நான் எண்ணெயைச் சொன்னேன், மஹாலட்சுமி சோடாவைச் சொன்னாள், அன்னம்மாள் அக்கா பேஸ்ட்டைச் சொன்னார், தீபிகா கொண்டை ஊசியைச் சொன்னாள். யாரும் தன்னுடையதைச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் சிவபாலனைப் பார்த்து, "இவ்ளோத்தையும் தாங்கிக்கினு வந்திருக்கியே, நீ நிஜமாவே வீரன்தான்பா" என்றார். எத்தனையோ வாரம் கழித்து அவன் அன்றைக்குத்தான் சிரித்தான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த வயதில் உடம்புக்குள் சுரக்கிற ஹார்மோன் தோலுக்கடியில் எண்ணெயை அதிகமாகச் சுரக்க வைக்கிறதாம். அந்த எண்ணெயும் உதிர்கிற தோலும் சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், உள்ளே கிருமி பெருகும், வீங்கிச் சிவக்கும், பரு என்பது அதுதான். அழுக்கால் வருவதில்லை, சூட்டால் வருவதில்லை, ஊர்க் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் விடவில்லை. பட்டில் பசை எடுக்கிற கதையைச் சொல்லி, எண்ணெய்தான் காரணம் என்றால் நான் கழுவச் சொன்னது எப்படித் தப்பாகும் என்று கேட்டேன். "சார், பட்டுல ஒரு தடவ பசைய எடுத்துட்டா அது திரும்பச் சுரக்குமா?" என்று கேட்டார். சுரக்காது என்றேன். "தோல் சுரக்கும் சார், அது உயிரோட இருக்குது. நீங்க உரிச்சி எடுத்தா அது புண்ணாகி இன்னும் மோசமாத்தான் ஆகும்" என்றார்.  முப்பது வருஷம் பட்டு நெய்கிறவனிடம் பட்டை வைத்தே பேசி மடக்கிவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அமுக்கினால் உள்ளே பரவித் தழும்பாகும். நெற்றியில் வழிகிற எண்ணெய் துவாரத்தை அடைக்கும். இறுக்கிக் கட்டுகிற கைக்குட்டை உரசி உரசிக் கிளப்பும். அந்த டியூபில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததாம், முதலில் மினுக்கிக் காட்டிவிட்டுப் பிறகு தானே பருவைக் கொண்டு வருமாம். இதையெல்லாம் என் போன்ற அப்பாக்கள் கேட்காமல் வாங்குகிறார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லி, உடனே குப்பையில் போடச் சொன்னார். சூடு என்று மஹாலட்சுமி நிறுத்தி வைத்திருந்த வேர்க்கடலை, கோழிக்கறி இரண்டையும் விடுதலை செய்துவிட்டார். இப்போது உங்களுடையதற்கு வருகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள அரிதாரத்தை முகத்தில் பூசி, இரவு முழுக்க அப்படியே விட்டது பெரிய கெடுதல் என்றார். புரோட்டீன் பவுடர் சிலருக்குப் பருவை அதிகமாக்கும், நிறுத்திப் பாருங்கள் என்றார். அவற்றைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் உங்களைக் காட்டிக் கொடுப்பேனா? கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன். அன்னம்மாள் அக்காதான் உங்கள் பெயரையும், ஊரையும், எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்பதையும் சொன்னார்.

கடைசியில், அப்பா அம்மாவுக்கு இருந்திருந்தாலும் பிள்ளைக்கு வரலாம், உங்களில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். மஹாலட்சுமி வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, இவரு பொண்ணு பாக்க வந்தப்போ நா இவரு மூஞ்சில இருந்த பருவ எண்ணிக்கினேதான் காப்பி குடுத்தேன்" என்றாள். இத்தனை வருஷமாக அவள் அன்றைக்கு வெட்கத்தில்தான் என் முன்னால் அவ்வளவு நேரம் நின்றாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவில் தடவ ஒரு மருந்தும், மிதமான ஒரு சோப்பும், அதுவும் நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்ற கட்டளையும் கொடுத்தார். குணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும், அவசரப்பட்டு வேறு எதையும் போடாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் புட்டி சமையலறைக்குத் திரும்பியது. உங்கள் டின்னில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. டியூபை எல்லார் முன்னாலும் எடுத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன். ஒன்று பாதிகூடத் தீரவில்லை, இரண்டு பிரிக்காதவை, காசு போட்டு வாங்கிய பொருளை எறிவதற்குக் கை வரவில்லை. மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தேன். அது கிடக்கட்டும்.

இப்போது சிவபாலன் முகம் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. ஆனால் இன்னும் பத்து நாளில் சம்ஹாரம். இருக்கிற பருவோடு எப்படி ஊர் முன்னால் நிற்பது என்று அவன் மறுபடியும் மாஸ்க்கும் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு பின்வாங்கினான். அரிதாரம் பூசினால் மறையும், பூசினால் திரும்ப வரும். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வாள் சுழற்றும் ஒத்திகை. கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்துவிடு என்று கெஞ்சி அனுப்பிவிட்டு, நானும் பின்னாலேயே போய் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அங்கே ஒரு சின்னப் பெண், அவன் இடுப்பு உயரம்கூட இருக்காது, அண்ணாந்து, துணிக்கு மேலே தெரிந்த அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துப் பார்த்து, கடைசியில், "அண்ணா, இதெல்லாம் சூரன் குத்தினதா?" என்று கேட்டாள்.   சிவபாலன் கைக்குட்டையை அவிழ்த்தான், மாஸ்க்கைக் கழற்றினான், அவள் உயரத்துக்குக் குனிந்து, "ஆமாம்மா. அவன் ஊசியால குத்தினான், எலுமிச்சம்பழத்த பிழிஞ்சான், சோடா கரைச்சி ஊத்தினான். ஆனா நா சாவலயே" என்றான். நான் தூணுக்குப் பின்னாலேயே இருந்துகொண்டேன்.

மறுநாள் ஒத்திகைக்கு வந்த பொடிசுகள் அத்தனையும் முகமெல்லாம் குங்குமத்தால் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீரபாகுவுக்கு இப்படித்தான் இருக்குமாம். ஒரு பெண்ணின் அம்மா வந்து, குங்குமச் சிமிழ் காலியாகிவிட்டது என்று என்னிடம் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. மற்ற எட்டு வீரர்களும், எல்லாம் இதே வயசுப் பையன்கள், ஆளுக்கு நாலு பருவாவது இருக்கிறது, எங்களுக்கும் அரிதாரம் வேண்டாம், வெறும் முகத்தோடே வருகிறோம் என்று கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சிவபாலன் கண்ணாடி மேல் போட்ட துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு காலேஜுக்குப் போகிறான். முதலில் வருகிற ஆட்டோவில் ஏறுகிறான். மாமா, எனக்குப் பரிவட்டம் கட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஆகையால்தான் பெட்டி வேண்டாம் என்கிறேன். உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. வீரபாகு கையில் முதல் வாளை எடுத்துக் கொடுப்பது இந்த வருஷம் முதல் நீங்கள்தான் என்று கோயிலில் பேசி வைத்துவிட்டேன். காபி சூடாக, சர்க்கரை தூக்கலாக, நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் வரும். முகம் என்பது முருகன் கொடுத்தது, அதில் நாம் கை வைக்கக் கூடாது, ஒரு பரு வந்தால் உலகம் இடிந்துவிடாது, மனிதனுக்கு மனசுதான் அழகு என்பதை இந்த மூன்று மாதத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். இனி இந்த வீட்டில் டாக்டரைக் கேட்காமல் யாரும் எதையும் யார் முகத்திலும் தடவ முடியாது. அது என் கட்டளை.

அக்காவுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு. மஹாலட்சுமியும் பிள்ளைகளும் உங்கள் காலில் விழுந்ததாக எழுதச் சொன்னார்கள். வேலும் மயிலும் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
திருஞானசம்பந்தம்

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் பெட்டி பற்றிய பகுதியை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். பரிவட்டம் கட்டும்போது போட்டோ எடுப்பார்களே, முகம் கொஞ்சம் மினுமினுப்பாக இருக்கட்டுமே என்று மீட்டர் பெட்டி மேல் வீணாகக் கிடந்த டியூபை இத்தனை வாரமாக யாருக்கும் தெரியாமல் நான் தடவி வந்தேன். முதலில் எனக்குப் பத்து வயசு குறைந்தது. இன்று காலையில் மூக்கு நுனியில் ஒன்று வந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறது, இரண்டு கண்ணையும் திறந்தாலும் தெரிகிறது. பதற்றத்தில் சோடாத் தண்ணீரிலும் ஒரு தடவை கழுவிவிட்டேன், அதையும் மறைப்பானேன். மூக்குக்கு மட்டும், தோல் நிறத்தில், கெட்டியாக ஒரு பூச்சு போதும். கொல்லைப்புற வழியாக வாருங்கள். சிவபாலனுக்குத் தெரிய வேண்டாம்.

மாமா, நான் சிவபாலன். கவரை ஒட்டிப் போஸ்ட் பண்ணச் சொல்லி அப்பா என்கிட்டதான் குடுத்தாரு. படிச்சிட்டேன். பெட்டி வேணாம் மாமா, நீங்க மட்டும் வாங்க, வாள் உங்க கையாலதான் வாங்குவேன். மூணு டியூபையும் நானே குப்பையில போட்டுட்டேன். நாளைக்கு அவர டாக்டர்கிட்ட கூட்டினு போறேன், இந்தத் தடவ அன்னம்மாள் அத்தைய கூப்பிடல. பரிவட்டம் கட்டறப்போ யாரும் அவர கிண்டல் பண்ண மாட்டாங்க. வீரபாகுவோட அப்பாவ கூட சூரன் விடலன்னு பசங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன்.